மூட்டைப்பூச்சியை ஒழிக்கும் வழிகளில் எது முட்டை வரை எட்டுகிறது?

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று கேட்கும் பழமொழி வேடிக்கைக்குச் சொல்லப்பட்டதாகத் தோன்றும். ஆனால் மண்ணெண்ணெயையும் ஆல்கஹாலையும் மெத்தையில் தெளித்துப் பூச்சியைக் கொல்ல முனைந்து, உண்மையாகவே வீட்டில் தீ மூட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உறக்கமில்லாத நான்கைந்து இரவுகளுக்குப் பிறகு எடுக்கப்படும் முடிவுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. கையில் கிடைத்த முதல் மருந்தை வாங்கி அடிப்பது, மெத்தையைத் தூக்கி வெளியே எறிவது, படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றுவது ஆகிய மூன்றும் உடனடி நிம்மதியைத் தருகின்றன. மூன்றுமே இரண்டு மாதங்களில் நிலைமையை மோசமாக்கக்கூடியவை.

சந்தையில் உள்ள வழிகள் பல. வெப்பம், நீராவி, குளிர், தெளிப்பு மருந்து, உலர் தூள், நச்சுப்புகை, மெத்தை உறை, பொறி என்று அவை நீளுகின்றன. ஒவ்வொன்றையும் விற்பவர் அதுவே போதும் என்கிறார். அவற்றை ஒப்பிடுவதற்கு இரண்டு கேள்விகளே போதுமானவை என்பது என் கருத்து. அந்த வழி முட்டையைக் கொல்லுகிறதா? கொல்லவில்லை என்றால், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தன் முதல் உணவைத் தேடி நடக்கும் நாளில் அந்த வழியின் தாக்கம் அங்கே இன்னும் எஞ்சியிருக்கிறதா? இந்த இரண்டுக்கும் இல்லை என்று விடை தரும் முறை, எத்தனை பூச்சிகளைக் கண் முன்னே கொன்று காட்டினாலும், ஒழிப்பு முறை ஆகாது.

இந்தக் கேள்விகளுக்கு இவ்வளவு எடை தருவதற்குக் காரணம் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியில் இருக்கிறது. நன்றாக இரை கிடைக்கும் பெண் பூச்சி நாளொன்றுக்கு 1 முதல் 5 முட்டைகள் வரை இடும். தன் ஆயுளில் 200-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த வெண்ணிற முட்டை, பசை போன்ற சுரப்பினால் மரத்தின் பிளவிலோ துணியின் தையலிலோ ஒட்டப்பட்டிருக்கும். அறை வெப்பத்தில் 6 முதல் 10 நாட்களுக்குள் குஞ்சு வெளிவருகிறது. குஞ்சு ஐந்து முறை தோலுரித்து முதிர்ச்சி அடைகிறது. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முன் ஒரு முறையாவது இரத்தம் குடித்தாக வேண்டும். சூழல் சாதகமாக இருந்தால் முட்டை முதல் முதிர்ந்த பூச்சி வரை ஐந்து முதல் எட்டு வாரங்கள் ஆகின்றன. இரை கிடைக்காத முதிர்ந்த பூச்சி அறை வெப்பத்தில் சில மாதங்கள் வரை தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த சூழலில் ஓராண்டுக்கும் மேல் உயிரோடு இருந்ததும் உண்டு. ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வெளியூர் போய் வருவது ஒரு தீர்வே அல்ல.

முதலில் உறுதிசெய்வது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், இருப்பது மூட்டைப்பூச்சிதானா என்று உறுதிசெய்வது அவசியம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களே அதிகமாக ஏமாறுகிறார்கள். கடித்தடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது நம்பத்தகாத முறையாகும். ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடலெங்கும் தடிப்பு எழும்பலாம். மற்றவருக்கு ஓர் அடையாளமும் தோன்றாமல் இருக்கலாம். தடிப்பு சிலருக்கு மறுநாளே தெரியும்; சிலருக்குப் பல நாட்கள் கழித்துத்தான் தெரியும். மூன்று கடிகள் ஒரு வரிசையில் இருந்தால் அது மூட்டைப்பூச்சிதான் என்ற பரவலான நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கொசு, தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரக்கூடும்.

கண்ணால் தேடுவது இரண்டாவது வழி. முதிர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளமும், தட்டையான நீள்வட்ட உடலும், செம்பழுப்பு நிறமும் கொண்டது. இரத்தம் குடித்தபின் உருண்டு நீண்டு கருஞ்சிவப்பாகிறது. அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. ஆனால் பூச்சியைக் காண்பதைவிட அதன் தடயங்களைக் காண்பது எளிது. மெத்தையின் ஓரத் தையலிலும் கட்டில் சட்டங்கள் சேரும் மூலையிலும் பேனா மை கசிந்ததுபோல் தெரியும் கரும்புள்ளிகள் அதன் எச்சமாகும். ஈரத் துணியால் துடைத்தால் அவை பழுப்புச் சிவப்பாகக் கலையும். வெளிறிய மஞ்சள் நிறத்தில் உரிந்த தோல்கள், விரிப்பில் நசுங்கிய பூச்சியின் இரத்தக் கறை, தொற்று முற்றிய இடத்தில் எழும் ஒருவித முடைநாற்றம் ஆகியவையும் அடையாளங்கள். கைவிளக்கும் ஒரு பழைய அட்டைத் துண்டும் இருந்தால் போதும். மெத்தையின் நான்கு ஓரம், தலைப்பக்கப் பலகையின் பின்புறம், ஆணித் துளை, திருகு மறை, கட்டிலுக்கு அருகிலுள்ள நாற்காலியின் அடித்துணி என்ற வரிசையில் தேட வேண்டும். தூங்குபவரிடமிருந்து சில அடி தூரத்துக்குள்ளேயே பெரும்பாலான பூச்சிகள் பதுங்கியிருக்கும் என்பதால், சமையலறையிலிருந்து தொடங்குவது வீண் அலைச்சல்.

ஆனால் தொற்று இளையதாக இருக்கும்போது, அதாவது வீட்டில் மொத்தமே பத்துப் பூச்சிகள் இருக்கும்போது, கண் தவறிவிடுகிறது. அப்போது கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் பொறிக் கிண்ணங்கள் கண்ணைவிட நன்றாக வேலை செய்கின்றன. இரட்டைச் சுவர் கொண்ட அந்தக் கிண்ணத்தின் சொரசொரப்பான வெளிப்புறத்தில் ஏறும் பூச்சி, வழுவழுப்பான பள்ளத்தில் விழுந்து மேலேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது. மலிவான, நஞ்சில்லாத இந்தச் சாதனத்தில் ஒரு குறை உண்டு. மூட்டைப்பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மனிதரை நாடும் இனங்கள் இரண்டு: மிதவெப்பப் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் சைமெக்ஸ் லெக்டுலாரியஸ், வெப்பமண்டலத்தில் மிகுதியாகக் காணப்படும் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இவற்றுள் வெப்பமண்டல இனத்துக்கு வழுவழுப்பான பரப்பிலும் ஏறும் திறன் இருப்பதை 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே கிண்ணம் வெறுமையாக இருப்பதை மட்டும் வைத்து அங்கே பூச்சி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கிண்ணத்தைத் தூசியின்றி வைத்து, உட்சுவரில் சிறிது டால்கம் பவுடரைத் தேய்த்துவிடுவது ஓரளவு உதவும்.

மோப்ப நாயைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வுக்கூடச் சோதனையில் 95 விழுக்காட்டுக்கு மேல் கண்டுபிடித்த நாய்களும் உண்டு. ஆனால் குடியிருப்புகளில் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட கள ஆய்வில், நாய்களின் சராசரிக் கண்டுபிடிப்பு 44 விழுக்காடாகவும், பூச்சி இல்லாத வீட்டில் இருப்பதாகக் காட்டியது சராசரியாக 15 விழுக்காடாகவும் இருந்தன. பல அறைகள் கொண்ட விடுதிக்கு நாய் நேரத்தைச் சேமிக்கும். தனி வீட்டுக்கு எட்டு கிண்ணங்களும் இரண்டு வாரப் பொறுமையுமே என் தேர்வு.

வெப்பம்: முட்டையை நேரடியாகக் கொல்லும் வழி

முன்னே வைத்த இரண்டு கேள்விகளில் முதலாவதற்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லும் முறை வெப்பம்தான். 2011-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன. 45 டிகிரி செல்சியஸில் முதிர்ந்த பூச்சி சாவதற்கு ஏறத்தாழ 95 நிமிடங்கள் ஆகின்றன. அதே வெப்பத்தில் முட்டைகள் 7 மணி நேரம் வரை தாங்கின. 48 டிகிரியில் முட்டைக்கு 72 நிமிடங்கள் தேவைப்பட்டன. 55 டிகிரியை நெருங்கினால் முட்டையும் உடனே அழிகிறது. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் வெப்பத்தைப் பயன்படுத்தும் மூன்று வழிகளையும் எளிதாக ஒப்பிடலாம்.

துணிகளுக்கு உலர்த்தும் இயந்திரத்தை மிஞ்சிய வழி கிடையாது. உச்ச வெப்பத்தில் அரை மணி நேரம் சுழன்றால், அளவுக்கு மீறித் திணிக்காதவரை, எல்லாப் பருவத்துப் பூச்சிகளும் முட்டைகளும் அழிந்துவிடும். துவைப்பதாக இருந்தால் நீர் 60 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் துவைப்பதால் துணி சுத்தமாகுமே தவிர முட்டைகள் மடியும் என்று எதிர்பார்க்க முடியாது. பலர் அறியாத செய்தி, நீர் பட்டால் கெட்டுவிடும் துணியையும் துவைக்காமலேயே, துணி அந்தச் சூட்டைத் தாங்குமானால், உலர்த்தியில் நேரடியாகப் போடலாம் என்பதாகும். காரியத்தை முடிப்பது சூடு. சவர்க்காரத்துக்கு இதில் பெரிய பங்கில்லை.

வெயிலில் மெத்தையைக் காயவைப்பது தலைமுறைகளாக நடந்து வருகிறது. அதை நான் பயனற்றது என்று ஒதுக்கவில்லை. ஆனால் அது ஒழிப்பு முறையாக நிற்காது. மெத்தையின் மேற்பரப்பு சூடாகும்போது பூச்சிகள் நிழற்பக்கத்துக்கு நகர்கின்றன. பஞ்சின் உட்பகுதி 45 டிகிரியைக்கூட எட்டாமல் இருந்துவிடும். சிறு பொருள்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கடும் வெயிலில் வைக்கலாம் என்றாலும், பையின் நடுவில் வெப்பமானி வைத்துப் பார்த்தால்தான் அது பலித்ததா என்று சொல்ல முடியும்.

நீராவி இயந்திரம் வீட்டில் ஒருவர் தாமே செய்யக்கூடிய வழிகளில் மிகச் சிறந்தது என்பேன். மெத்தைத் தையல், கட்டில் இணைப்பு, சோபாவின் மடிப்பு ஆகியவற்றில் பூச்சியையும் முட்டையையும் தொட்ட கணத்தில் கொல்லுகிறது. எந்த நஞ்சையும் விட்டுச் செல்வதில்லை. ஆனால் அவசரக்காரருக்கு அது உதவாது. முனையை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். நீராவி கடந்த இடத்தின் பரப்பு வெப்பம் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பீய்ச்சும் வேகம் அதிகமாக இருந்தால் பூச்சிகள் சாவதற்குப் பதிலாக அறையின் மறுமுனைக்குச் சிதறிப் போகும். ஆகவே அகன்ற முனையும் குறைந்த காற்றழுத்தமும் உள்ள இயந்திரமே ஏற்றது. ஆழமான பிளவுகளுக்கு அது எட்டாது; மின்பொருத்துகளின் அருகில் அதைக் கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது, வீடு முழுவதையும் அல்லது அறை முழுவதையும் சூடேற்றுவது. பயிற்சி பெற்ற நிறுவனத்தார் பெரிய சூடேற்றிகளையும் விசிறிகளையும் கொண்டு காற்றை 50 டிகிரிக்கு மேல் உயர்த்திப் பல மணி நேரம் நிறுத்துகிறார்கள். சரியாகச் செய்யப்பட்டால் ஒரே நாளில் முட்டை உட்பட அனைத்தும் அழிகின்றன. வேறு எந்த முறையாலும் இந்த வேகத்தைத் தர முடியாது. இதன் செலவு மற்றவற்றைவிட மிக அதிகம் என்பதோடு, இரண்டாவது கேள்விக்கு இது தரும் விடை இல்லை என்பதே. இன்று சூடேற்றி முடித்த அறைக்குள் நாளை ஒரு பூச்சி பயணப்பையில் வந்து இறங்கினால் அதைத் தடுக்க அங்கே ஏதுமில்லை. சுவரின் உட்குழிகளும் கான்கிரீட் தரையின் ஓரங்களும் மெதுவாகச் சூடாவதால், அந்தக் குளிர்ந்த மூலைகளில் பூச்சிகள் தப்பக்கூடும். அறையின் பல இடங்களில், குறிப்பாகப் பொருள்களின் அடுக்குக்கு நடுவில், வெப்ப உணர்விகளை வைத்துப் பதிவு காட்டாத நிறுவனத்தை நம்ப வேண்டாம். வாடகைக்கு எடுத்த சாதாரண அறைச் சூடேற்றியால் இதை வீட்டிலேயே செய்ய முயல்வது தீ விபத்தில் போய் முடியும்.

குளிர் இதன் எளிய உறவினர். புத்தகம், காலணி, விளையாட்டுப் பொம்மை போன்ற சூடேற்ற முடியாத சிறு பொருள்களைப் பையிலிட்டு, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாட்கள் உறைகலத்தில் வைத்தால் போதும். பொருளின் மையமும் அந்த வெப்பநிலையை எட்டும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அறை முழுவதற்கும் இது உதவாது.

மருந்தடிப்பு: பழைய நம்பிக்கையும் புதிய எதிர்ப்பாற்றலும்

மூட்டைப்பூச்சி என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது மருந்தடிப்பதுதான். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பல நாடுகளில் இந்தப் பூச்சியை ஏறக்குறைய மறக்கடித்தது. ஆனால் 1947-லேயே பேர்ல் ஹார்பரின் கடற்படைக் குடியிருப்புகளில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டுவிட்டன. அதன்பின் வந்த பைரித்ராய்டு வகை மருந்துகளும் நரம்பின் அதே இடத்தைத் தாக்குபவை என்பதால், டி.டி.டி.யைத் தாங்கப் பழகிய பூச்சிக்கு இவற்றைத் தாங்குவதும் எளிதாயிற்று. இன்று உலகின் பல பகுதிகளில் உள்ள மூட்டைப்பூச்சிகளிடம் நரம்பு மாற்றம், நஞ்சைச் சிதைக்கும் நொதிகளின் மிகுதி, தடித்த மேற்தோல் என்று பல அடுக்குக் காப்பு காணப்படுகிறது. கடைகளில் விற்கும் வீட்டு உபயோகத் தெளிப்பான்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகையே; அவற்றை நேராகப் பூச்சியின் மேல் அடித்தால் சில நேரம் சாகும், காய்ந்த பரப்பின் மேல் நடந்தால் பெரும்பாலும் சாகாது. முட்டையின் மேல் பல மருந்துகளின் வேலை அரைகுறையானது.

அதற்காகத் தெளிப்பு மருந்தை முற்றாக விலக்கிவிட வேண்டியதில்லை. பைரித்ராய்டோடு நியோநிகோட்டினாய்டு என்ற மற்றொரு வகைப் பூச்சிமருந்தைச் சேர்த்த கலவைகள், வேறு வழியில் இயங்கும் குளோர்ஃபெனபிர் போன்றவை, பியூவேரியா பாசியானா என்ற பூஞ்சையின் வித்துகளைக் கொண்ட தயாரிப்பு ஆகியவை பயிற்சி பெற்றவர்களின் கையில் பயன் தருகின்றன. கலவைக்கும் எதிர்ப்பாற்றல் உருவாகி வருவதை 2016-இல் வெளியான ஆய்வு சுட்டியது என்பதை மறக்கக் கூடாது. மருந்தடிப்பின் வலிமை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. நல்ல மருந்து சில வாரங்கள் பரப்பில் தங்கி, பின்னால் பொரிக்கும் குஞ்சைப் பிடிக்கும். அதனால்தான் இரண்டு வார இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை வந்து செய்வதை நேர்மையான நிறுவனங்கள் முதலிலேயே சொல்லிவிடுகின்றன. ஒரே வருகையில் தெளிப்பு மருந்தால் முடித்துத் தருகிறேன் என்பவர் முட்டையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள்.

வயலுக்கான பூச்சிமருந்தை வீட்டுக்குள் அடிப்பதும், குறிப்பிட்ட அளவைவிடச் செறிவாகக் கலப்பதும், தூங்கும் பரப்பு முழுவதையும் நனைப்பதும் பூச்சியைவிட வீட்டாரையே அதிகம் தாக்கும். பைரித்ராய்டு மருந்துகள் மீன்களுக்கு மிகக் கொடியவை. அவற்றுள் பெர்மெத்ரின் பூனைகளுக்கும் ஆபத்தானது.

அழுத்தினால் அறை முழுவதும் புகைமூட்டமாகப் பரவும் மருந்துக் குப்பிகளை வாங்க எண்ணுபவர்கள், 2012-இல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சோதனை முடிவை அறிந்திருப்பது நல்லது. கடைகளில் கிடைத்த மூன்று வகைக் குப்பிகளை, வீடுகளிலிருந்து பிடித்து வந்த பூச்சிகள் மேல் சோதித்தபோது, அவற்றால் கிட்டத்தட்ட எந்தப் பயனும் விளையவில்லை. மெல்லிய துணி மறைப்பே பூச்சிகளைக் காப்பாற்றப் போதுமாக இருந்தது. பூச்சி ஒளிந்திருப்பது இண்டு இடுக்கில். புகை படிவது மேசை மேலும் தரை மேலும். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

தூள்: மெதுவானது, ஆனால் காத்திருக்கும்

நான் பெரிதும் மதிக்கும், ஆனால் குறைவாகவே பேசப்படும் வழி உலர் தூள். சிலிக்கா ஜெல் தூளும், நுண்பாசிகளின் ஓட்டுப் படிமத்திலிருந்து எடுக்கும் டயாட்டம் மண்ணும் பூச்சியின் மேற்தோலில் உள்ள மெழுகுப் படலத்தை நீக்கிவிடுகின்றன. உடலின் நீர் வற்றிப் பூச்சி சாகிறது. நரம்பு நஞ்சுக்குப் பழகிய பூச்சிக்கும் நீர்வற்றலிலிருந்து தப்புவது கடினம். இரண்டில் சிலிக்கா ஜெல் தெளிவாக முன்னிற்கிறது. அது பூச்சிமேல் நன்றாக ஒட்டி, சில நாட்களில் கொல்லுகிறது. டயாட்டம் மண்ணுக்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்படுவதோடு, வீடுகளில் செய்த சோதனைகளில் அது ஏமாற்றமளித்ததும் உண்டு.

தூள் முட்டையைக் கொல்வதில்லை. ஆனால் நனையாத வரை மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும் என்பதால், இரண்டாவது கேள்விக்கு இதைவிட உறுதியான விடை வேறெந்த முறையிடமும் இல்லை. பொரித்த குஞ்சு இரை தேடி நடக்கும் பாதையில் அது காத்திருக்கிறது. இடும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலமாக, சுவரோரப் பலகையின் பின்னும், கட்டில் இணைப்பின் உள்ளேயும், மின்சாரத்தை நிறுத்திய பிறகு ஸ்விட்ச் பெட்டியின் உட்குழியிலும் தூரிகையாலோ சிறு ஊதியாலோ இட வேண்டும். குவியலாகக் கொட்டினால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். நாம்தான் அந்தத் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருப்போம். முகக்கவசம் அணிவதும், படுக்கும் பரப்பிலும் காற்றடிக்கும் இடத்திலும் தூவாமல் இருப்பதும் கட்டாயம். நீச்சல் குள வடிகட்டிக்கென்று விற்கும் டயாட்டம் மண் நுரையீரலைக் கெடுக்கும் படிகச் சிலிக்காவைக் கொண்டது. பூச்சிக்கென்று அனுமதி பெற்ற தயாரிப்பை மட்டுமே வாங்க வேண்டும்.

நச்சுப்புகையும், ஒதுக்க வேண்டிய மற்றவையும்

கட்டடத்தையே மூடிப் போர்த்தி, சல்ஃப்யூரில் ஃபுளோரைடு போன்ற வாயுவைச் செலுத்துவது வெப்பத்தைப் போலவே முட்டையையும் ஆழமான பிளவையும் எட்டும். முட்டைக்கு அதிக அளவு தேவை, வாயு வெளியேறியபின் எந்தக் காப்பும் எஞ்சாது. குடியிருப்பவர் அனைவரும் வெளியேற வேண்டியிருப்பதால், பொருள்கள் நிரம்பிய பெருங்கட்டடத்துக்கே இது பொருத்தம். இதையும், தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. காற்றின் ஈரம் பட்டவுடன் அந்த மாத்திரை வெளிவிடும் பாஸ்பீன் வாயு கதவிடுக்கிலும் குழாய்ப் பாதையிலும் கசிந்து அடுத்த வீட்டுக்கும் செல்லும். மூட்டைப்பூச்சிக்காக வைத்த மாத்திரையால் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் உட்படப் பலர் இறந்திருக்கிறார்கள். இந்த வழியை எந்த ஒப்பீட்டிலும் சேர்க்கவே கூடாது.

மீயொலிக் கருவி மூட்டைப்பூச்சியை விரட்டவில்லை என்பது சோதித்து அறியப்பட்டது. அந்துருண்டையும் வீட்டளவில் பயன் தருவதில்லை. ஆல்கஹால் நேரடியாகப் பட்டாலும் பாதிப் பூச்சிகள் பிழைத்துக்கொள்கின்றன. தீ ஆபத்து மட்டும் முழுமையாக மிஞ்சுகிறது. பீன்ஸ் இலையை அறையில் பரப்பிப் பூச்சிகளைச் சிக்கவைக்கும் பால்கன் பகுதியின் பழைய வழக்கம் இவற்றைப் போலப் பொய்யல்ல. இலையின் கொக்கி போன்ற நுண்மயிர்கள் பூச்சியின் கால்களைத் துளைத்துப் பிடிப்பதை 2013-இல் நுண்ணோக்கியில் உறுதிசெய்தார்கள். ஆனால் இரவுதோறும் புதிய இலைக்கு எங்கே போவது?

எறிவதா, மூடுவதா?

மெத்தையை எறிந்தால் பூச்சி போய்விடும் என்பது பரவலான எண்ணம். கட்டில் சட்டத்திலும் சுவரிலும் இருப்பவை அப்படியே இருக்க, புதிய மெத்தை ஒரு வாரத்தில் பழையதாகிவிடும். எறிந்ததை எடுத்துச் செல்பவர் வீட்டுக்கும் தொற்று போகும். முழுவதும் மூடும், ஜிப் வைத்த, இறுக்கமான நெசவுள்ள உறையை மாட்டி ஓராண்டுக்கு மேல் கழற்றாமல் விடுவது இதைவிடச் சிறந்தது. உள்ளே இருப்பவை பட்டினியால் சாகின்றன. வெளியே இருப்பவற்றுக்கு ஒளியத் தையலும் மடிப்பும் இல்லாமல் போகின்றன. கிழிந்து பஞ்சு வெளிவந்த சோபா போன்றவற்றை எறியத்தான் வேண்டும் என்றால், மற்றவர் பயன்படுத்த முடியாதபடி வெட்டி, மூடிக் கட்டி வெளியேற்றுவது நாகரிகம்.

வேக்குவம் கிளீனர் எண்ணிக்கையை ஒரே நாளில் குறைக்கும். ஒட்டிய முட்டையைப் பெயர்க்காது. பையை உடனே மூடிக் கட்டி வெளியேற்ற வேண்டும். படுக்கும் இடத்தை மாற்றுவதும் பெரும்பாலும் தவறான முடிவுதான். உடலின் சூடும் மூச்சிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவும் பூச்சியை ஈர்ப்பதால், நீங்கள் சோபாவுக்கு மாறினால் அவையும் சோபாவுக்கு வரும். முன்பு ஒரு அறையில் செய்ய வேண்டியிருந்த வேலையை இரண்டு அறைகளில் செய்ய நேரும்.

எந்த நிலைக்கு எந்தச் சேர்க்கை

ஒரே அறையில், ஒரே கட்டிலைச் சுற்றி, சில பூச்சிகளே காணப்படும் நிலையில் நிறுவனத்தை அழைப்பது கட்டாயமில்லை. துணிகளுக்கு உலர்த்தி, கட்டிலுக்கும் மெத்தைக்கும் நீராவி, பிளவுகளுக்குச் சிலிக்கா தூள், மெத்தைக்கு உறை, கால்களுக்குக் கிண்ணம் என்ற சேர்க்கையில், முட்டையை வெப்பமும் தப்பிய குஞ்சைத் தூளும் பார்த்துக்கொள்கின்றன. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, விரிப்பு தரையில் படாமல் மடித்துவிட்டால், கட்டிலுக்கு வரும் பூச்சிக்குக் கிண்ணத்தைத் தவிர வழி அரிது. பத்து நாட்களுக்கு ஒருமுறை நீராவியைத் திரும்பச் செய்ய வேண்டும். தூசியால் மூச்சுத்திணறும் நோயாளி வீட்டில் இருந்தால் தூளைத் தவிர்த்து, நீராவி பிடிக்கும் தடவைகளைக் கூட்டுவதே நல்லது.

இரண்டு மூன்று அறைகளுக்குப் பரவியிருந்தால், அல்லது பொருள்கள் நிரம்பி நெருக்கமாக இருந்தால், சொந்த முயற்சி களைப்பில் முடிவதே அதிகம். அங்கே என் தேர்வு, பண வசதி இருந்தால் முழு அறை வெப்பமும் அதைத் தொடர்ந்து பிளவுகளில் தூளும்; இல்லையென்றால் மூன்று வருகைகள் கொண்ட மருந்தடிப்போடு நீராவியும் உறையும். வெப்பம் மட்டும், மருந்து மட்டும் என்று தனித்தனியாக வாங்குவதைவிட இரண்டில் எளியதொன்றைத் தூளோடு இணைப்பது மேலானது. நிறுவனத்தாரிடம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை, முட்டைக்கு என்ன செய்கிறீர்கள், எத்தனை முறை வருவீர்கள், எந்த மருந்து, அடுத்த சோதனை எப்போது என்பவையே.

அடுக்குமாடியிலும் விடுதியிலும் கணக்கு வேறு. பூச்சி குழாய்ப் பாதை வழியாகவும் கதவடி வழியாகவும் நடந்தே அடுத்த வீட்டுக்குச் செல்லும் என்பதால், பக்கவாட்டிலும் மேலும் கீழும் உள்ள வீடுகளைச் சோதிக்காமல் ஒன்றை மட்டும் ஒழிப்பது பயன்படாது. வெட்கத்தால் அண்டை வீட்டாரிடம் சொல்லாமல் மறைப்பதே இங்கே பெருந்தடை. மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை; மனிதரைத் தேடி வருகிறது. துப்புரவான வீட்டில் அதற்கு ஒளிவிடம் குறைவு, அவ்வளவுதான். அது நோயைப் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. அரிப்பும் உறக்கக் கேடும் மனவுளைச்சலுமே அதன் பாதிப்புகள்.

வராமல் தடுப்பதற்குப் பயணப்பையும் பழைய மரச்சாமானும்தான் முக்கிய வாயில்கள். தங்கும் அறைக்குள் நுழைந்ததும் பையைக் கட்டில் மேல் வைக்காமல் குளியலறையில் வைத்துவிட்டு, தலைப்பக்கப் பலகையையும் மெத்தை ஓரத்தையும் இரண்டு நிமிடம் பார்க்கலாம். அணிந்த துணியின் உடல் மணமே பூச்சியை இழுக்கிறது; 2017-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் சோதனையில், சுத்தமான துணியைவிட அணிந்த துணியில் இரண்டு மடங்கு பூச்சிகள் சேர்ந்தன. ஆகவே அழுக்குத் துணியை இறுக மூடிய பையில் வைத்திருந்து, வீடு திரும்பியதும் நேராக உலர்த்தியில் போடுவது உறக்கத்தைக் காக்கும் மலிவான காப்பீடு. பழைய கட்டிலையோ சோபாவையோ வாங்கினால், வாசலிலேயே கவிழ்த்து அடித்துணியைப் பிரித்துப் பார்த்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஒழிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்விக்குக் கடைசிக் கடியை வைத்து நாள் எண்ணக் கூடாது. கிண்ணங்களை எடுக்காமல், வாரம் ஒருமுறை கைவிளக்கோடு பார்த்து, எட்டு வாரங்கள் தொடர்ந்து பூச்சியோ புதிய கரும்புள்ளியோ தென்படாவிட்டால் ஒழிந்தது என்று கொள்ளலாம். பழைய கறைகளை முன்பே துடைத்து வைத்திருந்தால்தான் புதியது எது என்று தெரியும். அதற்குப் பிறகும் நான் கிண்ணங்களை ஆறு மாதம் அங்கேயே விட்டுவைப்பேன்.